டிவியைப் போட்டோ ஃபிரேமாக மாட்டலாமா? வாசகர் கேள்வி – பதில்

ஹாலில் ஒரு டிவியை மாட்டி அதில் குடும்பப் படங்களை ஓடவிட வேண்டும், ஆனால் கரண்ட் பில் ஏறக் கூடாது. இதைப் பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

புது வீட்டு ஹாலில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை படங்கள் ஓட வேண்டும். 43 இன்ச் டிவி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 5 ஸ்டார். பில் அதிகம் வராதுதானே? – வாசகர், கோவை

ஸ்டாரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ ஸ்டார் தரும்போது திரையின் பரப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் 5 ஸ்டார் வாங்கிய 55 இன்ச் டிவி, 3 ஸ்டார் வாங்கிய 32 இன்ச் டிவியைவிட அதிகம் கரண்ட் இழுக்கலாம். நீங்கள் படிக்க வேண்டியது அதே லேபிளில் இருக்கும் இன்னோர் எண்: ஆண்டுக்கு இத்தனை யூனிட்.

அந்த எண், டிவி நாளுக்கு 6 மணி நேரம் ஓடும், மீதி 18 மணி நேரம் ஸ்டாண்ட்பையில் (ரிமோட்டில் மட்டும் அணைத்த நிலையில்) கிடக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நீங்கள் ஓட்டப்போவது 16 மணி நேரம். ஆகவே லேபிள் எண்ணை அப்படியே நம்ப முடியாது. அதை வாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டு யூனிட்டை 2.19-ஆல் வகுத்தால் ஏறக்குறைய வாட் வந்துவிடும். லேபிளில் 150 என்றிருந்தால் 68 வாட். 88 என்றிருந்தால் 40 வாட்.

68 வாட் டிவி 16 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1.09 யூனிட், இரண்டு மாத பில்லில் 65 யூனிட். 40 வாட் டிவி என்றால் 38 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இந்த வித்தியாசத்தை வெறும் யூனிட் விலையால் பெருக்கினால் போதாது. ஏற்கெனவே 450, 470 யூனிட்டில் நிற்கிற வீடாக இருந்தால், இந்த ஒரு டிவியே உங்களை 500-க்கு மேலே தள்ளிவிடக்கூடும். 500-ஐத் தாண்டினால் மேல்படி விலை மட்டுமல்ல, கீழ்ப்படிகளில் கிடைத்துவந்த சலுகையும் குறையும். கடைசி மூன்று பில்களை எடுத்து வைத்துப் பாருங்கள். ஏசி ஓடும் ஏப்ரல், மே கணக்கை முக்கியமாகப் பாருங்கள்.

அளவையும் மறுபடி யோசியுங்கள். ஒரே வெளிச்சத்தில் 43 இன்ச் திரையின் பரப்பு 32 இன்ச்சைப்போல் 1.8 மடங்கு, கரண்ட்டும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் போகும். 32 இன்ச் திரை, அகலம் 28 இன்ச், உயரம் ஏறக்குறைய 16 இன்ச். ஸ்டூடியோவில் அந்த அளவில் பிரின்ட் போட்டு ஃபிரேம் கட்டி மாட்டினால் அது பெரிய படம் என்றுதான் சொல்வோம். சினிமா பார்க்க 32 சிறிது. படம் மாட்ட அது போதும்.

கடைசியாக நேரம். வீட்டில் ஆள் நடமாட்டம் காலை 6 முதல் 9 வரை, மாலை 5 முதல் 10 வரைதான் என்றால் 8 மணி நேரம் ஓட்டினால் போதும். மேலே சொன்ன யூனிட் கணக்கெல்லாம் பாதியாகும். ஒரு ஸ்டார் கூடுதலாகத் தேடி அலைவதைவிட இதில் மிச்சம் அதிகம்.

பவர் சேவிங் போட்டால் படம் மங்கிவிடுகிறது. அதனால் அதை எடுத்துவிட்டு பிரைட்னஸைக் குறைத்தேன். முகமெல்லாம் கறுத்துப்போனது. கரண்ட் மிச்சமாகிறதா என்றும் தெரியவில்லை. – வாசகி, திருச்சி

நீங்கள் குறைத்தது வேறு ஒன்றை. எல்இடி டிவியில் கரண்ட்டின் பெரும்பகுதி பின்னால் எரியும் விளக்குகளுக்குப் போகிறது. அதைக் கட்டுப்படுத்துவது பேக்லைட். பல டிவிகளில் பிரைட்னஸ் என்று இருப்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதைத்தான் மாற்றும். அதைக் குறைத்தால் தலைமுடி, கறுப்புக் கரைப் பட்டுப்புடவை, நிழலில் நிற்பவர் முகம் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். பின்விளக்கு அதே அளவு எரிந்துகொண்டிருக்கும். பெயர்க் குழப்பமும் உண்டு. சோனியின் ஆண்ட்ராய்டு டிவிகளில் பிரைட்னஸ் என்பதே பின்விளக்கு. கறுப்புக்கு பிளாக் லெவல் என்று தனியாக இருக்கும். எது எது என்று தெரிந்துகொள்ள, திரை முழுக்க வெள்ளையாக ஒரு படத்தை வைத்து அளவைக் குறையுங்கள். வெள்ளை நன்றாக மங்கினால் அதுதான் பின்விளக்கு. வெள்ளை அப்படியே இருந்து, கறுப்புள்ள படம் மட்டும் கெட்டால் அது மற்றது.

பிரைட்னஸைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுங்கள். படமுறையை (பிக்சர் மோடு) விவிடிலிருந்து சினிமா அல்லது மூவிக்கு மாற்றுங்கள். பிறகு வழக்கமாக ஹாலில் எரியும் விளக்கைப் போட்டு, ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரையின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றுபோல் தெரியும்வரை பேக்லைட்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடையிலிருந்து வந்த டிவியில் திரை, தாளைவிடப் பளீரென்று இருக்கும். அதனால்தான் அது சுவரில் மாட்டிய படமாக இல்லாமல் ஓடுகிற டிவியாகத் தெரிகிறது. தாளோடு ஒத்துப்போகும் இடத்துக்கு வந்ததும் படம் சுவரோடு சேர்ந்துவிடும். கரண்ட்டும் இறங்கியிருக்கும். சினிமா முறையில் நிறம் சற்று மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கண் பழகிவிடும்.

எவ்வளவு இறங்கியது என்பதை ஈபி மீட்டரிலேயே அளக்கலாம். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றோ 1600 என்றோ இருக்கலாம். டிவியைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு மின்னலில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, அதற்குப் பிறகு வரும் பத்தாவது மின்னலில் நிறுத்துங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வாட். 1600 மீட்டர் என்றால் 22,500-ஐ வகுக்க வேண்டும். 280 விநாடி ஆனால் 40 வாட். பேக்லைட்டைக் குறைத்த பிறகு அதே பத்து மின்னலுக்கு 450 விநாடி ஆனால் 25 வாட். அளக்கும்போது திரையில் ஒரே படம் நிற்கட்டும்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் நடுவில் ஓடத் தொடங்குவது, இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறுவது, வைஃபை ரூட்டரை மறந்துவிடுவது. இவற்றை அணைக்க முடியாவிட்டால் கரண்ட் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை டிவிக்கு மட்டும் போட்டு அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்ட்பை கரண்ட் மிகச் சிறிது. அதை மீட்டர் மின்னலில் பிடிக்க முடியாது.

ஓஎல்இடி டிவியில் கறுப்பு இடத்துக்குக் கரண்ட்டே போகாதாமே. அப்படியானால் படம் ஓட்ட அதுதானே சிக்கனம்? – வாசகர், மதுரை

ஓஎல்இடியில் பின்விளக்கு இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதனால் கறுப்புக்குப் போகாது என்பது சரி. ஆனால் குடும்பப் படங்களில் கறுப்பு எவ்வளவு இருக்கும்? வெள்ளை வேட்டி, கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வானம், கல்யாண மேடை விளக்கு என்று வெளிச்சம்தான் அதிகம். வெளிச்சமான படத்துக்கு ஓஎல்இடி நிறையவே இழுக்கும். அதைவிடப் பெரிய காரணம், ஒரே இடத்தில் நாள் கணக்கில் நிற்கும் வெளிச்சம் அந்தத் திரையில் நிரந்தரத் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும். மூலையில் கடிகாரம், வெப்பநிலை காட்டும் ஸ்லைடு ஷோ என்றால் தழும்பு அங்கேதான் தொடங்கும். தினமும் எட்டு மணி நேரம் படம் ஓட்டுவதற்கென்று ஓஎல்இடி வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஏற்கெனவே வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓஎல்இடி டிவி ரிமோட்டில் அணைத்த பிறகு ஸ்டாண்ட்பையில் இருந்தபடி தன் திரையைத் தானே சரிசெய்துகொள்ளும். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் அந்த வேலை நடக்காது.

சாம்சங் தி ஃபிரேம் என்று தனியாக வருகிறதே, கூடுதல் விலைக்குத் தகுமா? – வாசகர், சென்னை

டிவி பார்க்காத நேரத்தில் சுவரில் மாட்டிய படம்போல் தெரியவென்றே 2017-இல் வந்த டிவி வரிசை அது. கியூஎல்இடி திரை, அதாவது பின்விளக்குள்ள எல்சிடிதான், ஓஎல்இடி அல்ல. 2022 மாடலிலிருந்து மினுமினுப்பில்லாத மேட் திரை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாலும் ஜன்னலோ டியூப்லைட்டோ கண்ணாடிபோல் பிரதிபலிக்காது. வீட்டில் மாட்டிப் பார்க்கும்போது பெரிய வித்தியாசம் தருவது இந்த மேட் பரப்புதான். படம் காட்டும் முறையான ஆர்ட் மோடில் அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தானே மங்கும். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் சென்சார் பார்த்து அணைந்துவிடும். சிக்கனம் என்றால் இந்த இரண்டும்தான். வாங்கியதும் ஆர்ட் மோடு அமைப்பில் அசைவு சென்சாரை இயக்கி, எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்பதை இருப்பதிலேயே குறைந்த நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

ஆர்ட் மோடு என்பது டிவி அணைந்த நிலை என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சாம்சங் தரும் பெரும்பாலான ஓவியங்களுக்கு மாதச் சந்தா கேட்கும். உங்கள் சொந்தப் படங்களுக்கு வேண்டாம், போனிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். ஹாலில் வெயில் விழும், படம் நாள் முழுக்கத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கூடுதல் விலை தகும். மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டுபவர்களுக்குச் சாதாரண 32 இன்ச் போதும்.

பென்டிரைவில் 600 படம் போட்டேன். பாதி வரவில்லை, சில படுத்துக்கொண்டு வருகின்றன, வரிசையும் கலைந்துவிட்டது. டிவி பழுதா? – வாசகர், நாகர்கோவில்

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. படங்களைத்தான் அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

வராத படங்களில் முதல் சந்தேகம் ஐபோனில் எடுத்தவை. அவை எச்இஐசி வகையில் சேமிக்கப்படுகின்றன. பெரும்பாலான டிவிகளுக்கு அதைத் திறக்கத் தெரியாது. இனி எடுக்கும் படங்களுக்கு, ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது சந்தேகம் புரோகிரஸிவ் ஜேபெக். இணையத்திலிருந்து இறக்கிய படங்களும், சில மென்பொருள்களில் திருத்திய படங்களும் இந்த வகையில் இருக்கலாம். போனிலும் கம்ப்யூட்டரிலும் திறக்கும். சில டிவிகளில் வெறும் கறுப்புக் கட்டம் வரும். மூன்றாவதாக, மிகப் பெரிய படங்கள். 50 மெகாபிக்சல் படத்தைத் திறக்கும் அளவுக்குப் பல டிவிகளில் நினைவகம் கிடையாது. திறந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து விநாடி திணறும்.

மூன்றுக்கும் ஒரே வேலையில் தீர்வு உண்டு. கம்ப்யூட்டரில் இர்ஃபான்வியூ போன்ற இலவச மென்பொருளில் மொத்தமாக மாற்றும் வசதி இருக்கிறது. எல்லாப் படத்தையும் ஒரு பிரதி எடுத்து, ஜேபெக் ஆக, நீளப் பக்கம் 1920 பிக்சலுக்குள் சுருக்கிச் சேமியுங்கள். 4கே டிவி என்றால் 3840. சேமிக்கும் இடத்தில் புரோகிரஸிவ் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மூலப் படங்கள் இருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். பிரதியில் மட்டும்தான் இந்த வேலை.

படம் படுத்துக்கொண்டு வரக் காரணம்: போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் படம் கிடையாகவே பதிவாகிறது, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் எழுதப்படுகிறது. போன் அந்தக் குறிப்பைப் படிக்கும். சில டிவிகள் படிப்பதில்லை. படத்தை நிஜமாகவே திருப்பிச் சேமித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வரிசைக்கு: டிவி பெயரைப் பார்த்து அடுக்குகிறது. 1, 2, 10 என்று பெயர் வைத்தால் பல டிவிகள் 1, 10, 2 என்று ஓட்டும். 001, 002, 010 என்று வையுங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்துகொண்டால் பழைய டிவியும் படிக்கும். சுருக்கிய 600 படம் 8 ஜிபி பென்டிரைவிலேயே அடங்கும்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் வந்த படம் ஏற்கெனவே சுருங்கியது. 4கே திரையில் முகம் மாவாகத் தெரியும். உறவினர்களிடம் கேட்கும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நிறையப் படங்கள் போனில் செங்குத்தாக எடுத்தவை. டிவியையே நிற்க வைத்து மாட்டலாமா? – வாசகி, யாழ்ப்பாணம்

மாட்டுவதற்கு முன்பு டிவியின் கையேட்டைப் பாருங்கள். சாதாரண டிவிகள் படுக்கையாக மாட்டுவதற்கே செய்யப்பட்டவை. சூடு வெளியேறும் துளைகளும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். நிற்க வைத்தால் மெனு படுத்துக்கொண்டு வரும், எல்லாப் படத்தையும் டிவி திரும்பிய திசைக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி திருப்பி ஏற்ற வேண்டும், செய்தி பார்க்க முடியாது.

இதைவிட எளிது, இரண்டு செங்குத்துப் படங்களை ஒரே படமாகச் சேர்ப்பது. 3:4 படம் ஒன்று முழு எச்டி (1920×1080 பிக்சல்) திரையில் 810 பிக்சல் அகலம் எடுக்கும். இரண்டு சேர்ந்தால் 1620. மீதி 300 பிக்சலை நடுவிலும் இரு ஓரங்களிலும் நூறு நூறாகப் பிரித்து விட்டால் இரட்டைச் சட்டம் போல் அழகாக இருக்கும். அப்பா ஒரு பக்கம், அதே வயதில் மகன் மறுபக்கம் என்று சேர்த்துப் பாருங்கள்.

நான்கு மணி நேரத்தில் டிவி தானாகவே அணைந்துவிடுகிறது. காலையில் தானாக வரவும் மாட்டேன் என்கிறது. டைமர் பிளக் வாங்கலாமா? – வாசகர், சேலம்

ரிமோட்டைத் தொடாமல் நான்கு மணி நேரம் ஆனால் பல டிவிகள் அணைந்துகொள்ளும். டைமர், பவர், எனர்ஜி, ஈகோ என்று ஏதாவது ஒரு மெனுவில் இருக்கும், அங்கே நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்தினால் அணைக்கும் பொறுப்பு உங்களுடையது. எனவே ஆஃப் டைமரை இரவு 10 மணிக்கு வைத்துவிடுங்கள்.

டைமர் பிளக் வாங்குவதற்கு முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். டிவி தானாக எரிந்தால் பிளக் உதவும். ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் எரிந்தால் உதவாது; பிளக் கரண்ட் கொடுத்தாலும் டிவி தூங்கிக்கொண்டே இருக்கும். எரிந்தாலும் பென்டிரைவ் ஸ்லைடு ஷோ தானாகத் தொடங்காமல் போகலாம்.

கூகுள் டிவி என்றால் பென்டிரைவே வேண்டாம். ஆம்பியன்ட் மோடில் கூகுள் ஃபோட்டோஸ் ஆல்பம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் டிவியைப் போட்டுச் சும்மா விட்ட சில நிமிடங்களில் படங்கள் வரும். குவிக் ஸ்டார்ட் போன்ற வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். டிவி வேகமாக விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அது ஸ்டாண்ட்பையில் கூடுதலாக இழுக்கும்.

பழைய 32 இன்ச் எல்சிடி டிவி பரணில் கிடக்கிறது. அதையே மாட்டினால் செலவு மிச்சம்தானே? – வாசகர், தஞ்சாவூர்

எல்இடி வருவதற்கு முந்தைய, உள்ளே குழல்விளக்கு உள்ள டிவியாக இருந்தால் வேண்டாம். பின்பக்க ஸ்டிக்கரில் வாட் பாருங்கள். 120 வாட் என்றால் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 58 யூனிட். புது 32 இன்ச் 35 வாட் என்றால் 17. அந்த வெப்பமும் உங்கள் ஹாலில்தான் இறங்கும்.

பழைய ஆல்பப் படங்களை எந்த அளவில் ஸ்கேன் செய்வது? – வாசகி, ஈரோடு

4×6 இன்ச் பிரின்ட்டை 600 டிபிஐ (இன்ச்சுக்கு 600 புள்ளி) வைத்தால் 3600×2400 பிக்சல் கிடைக்கும். 4கே திரைக்கும் அது போதும். கண்ணாடியைப் படத்துக்குப் படம் துடையுங்கள்.

அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. அவர் படம் ஒன்றை மட்டும் ஹாலில் எப்போதும் தெரியும்படி டிவியில் வைக்க ஆசைப்படுகிறோம். எந்த டிவி நல்லது? – வாசகர், புதுச்சேரி

இந்த ஒன்றுக்கு டிவி வேண்டாம். ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் ஓஎல்இடியில் பதிந்துபோகும். எல்சிடியிலும் நிழல் தங்கக்கூடும். 40 வாட் டிவி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். கரண்ட் போகும்போதெல்லாம் அப்பாவின் முகமும் அணைந்துபோகும். அதை வீட்டில் யாரும் தாங்க மாட்டார்கள்.

இருப்பதில் நல்ல மூலப் படத்தை எடுத்து 16×20 இன்ச் அளவில் மேட் தாளில் பிரின்ட் போடுங்கள். இன்ச்சுக்கு 200 பிக்சல் என்ற கணக்கில் 3200×4000 பிக்சல் இருந்தால் முகம் தெளிவாக வரும். குறைவாக இருந்தால் 12×15 போதும். ஃபிரேம் கட்டுபவரிடம் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் போர்டு வைத்துச் சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். கண்ணாடியில் நேராக ஒட்டியிருந்தால் மழைக்கால ஈரத்தில் படம் அதோடு பிடித்துக்கொள்ளும், பிறகு பிரித்தால் உரியும். மேற்கு வெயில் விழாத சுவராகப் பாருங்கள். மாலை போடுவீர்கள் என்றால் ஆணியை ஃபிரேமுக்கு மேலே தனியாக அடியுங்கள், பூவின் ஈரம் ஃபிரேமின் மரத்தில் இறங்காது.